மலிவாக வாங்கிய பழைய அலுமினியப் படகும் ட்ரெயிலரும்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்தல்

ஒன்ராறியோவில் குறைந்த விலைக்குக் கைமாறும் மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. 12 அல்லது 14 அடி நீளம், ரிவெற் அடித்த அலுமினிய உடல், குறுக்கே மூன்று இருக்கைப் பலகைகள், பின்னால் 9.9 குதிரைவலு இரண்டு-ஸ்ட்ரோக் என்ஜின், கீழே 12 அங்குலச் சில்லு போட்ட இரும்பு ட்ரெயிலர். 9.9 இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள என்ஜின் பூட்டிய உல்லாசப் படகுக்கு உரிம எண் எடுத்து அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரு புறமும் எழுத வேண்டும். 9.9-க்கு அது தேவையில்லை. ஓட்டுபவருக்கான அட்டை மட்டும் எந்த என்ஜினுக்கும் வேண்டும்.

இந்தப் படகுகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ரப்பர், கிரீஸ், எர்த் வயர் இந்த மூன்றில் அடங்கிவிடும். சில டொலர் பொருளும் ஒரு சனிக்கிழமையும் போதும். இரண்டு மட்டும் அப்படியல்ல: உக்கிப்போன பின்பலகை (என்ஜின் பூட்டும் பலகை), அமுக்கம் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) இழந்த என்ஜின். காசு கொடுப்பதற்கு முன்பே இவை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு முதலில் கை வைக்க வேண்டியது ட்ரெயிலரில். ஆசை என்ஜின் பக்கம்தான் இழுக்கும். ஆனால் ஏரி நடுவில் என்ஜின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வரலாம். நெடுஞ்சாலை 400-இல் சில்லு கழன்றால் பின்னால் வரும் குடும்பத்துக்கு ஆபத்து.

சில்லுக் குடம் கொதிக்கிறது, அல்லது சுற்றும்போது கரகரக்கிறது

ட்ரெயிலரை ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் பெயாரிங் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. கையால் சுழற்றி, ஸ்பிரிங்கில் மறு கையை வைத்தால் கரகரப்பு விரலுக்குத் தெரியும். 15 கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, குடத்தை (அச்சில் சுழலும் சில்லின் நடுப்பகுதியை) தொடுங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை.

காரணம் தண்ணீர். ஓடிச் சூடான குடம் குளிர்ந்த ஏரிக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பின்பக்க சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. கிரீஸ் பால் நிறமாகிறது, குளிர்காலம் முழுக்க அப்படியே கிடந்து உருளைகளில் துருக்குழி விழுகிறது. அடுத்த வசந்தத்தில் மேலே புதுக் கிரீஸ் அடித்தாலும் அந்தக் குழி போகாது. ஆகவே பழைய ட்ரெயிலர் ஒன்றில் பெயாரிங் எப்படி இருக்கிறது என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காமல் கழற்றிப் பாருங்கள்.

தூசி மூடி, வளைந்த பின், கிரீட நட், வாஷர், வெளிப் பெயாரிங் என்ற வரிசையில் கழன்று வரும். பிறகு குடத்தை இழுத்தால் உள் பெயாரிங்கும் சீலும் அதோடு வரும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உருளைகளைப் பாருங்கள். குழி, நீலம் பாய்ந்த நிறம், கோடு, இவற்றில் எது இருந்தாலும் புதியது போட வேண்டும். பெயாரிங்கை மாற்றினால் குடத்துக்குள் இறுகி இருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளை சில மாதம்கூட நிற்காது. பித்தளைக் கோல் ஒன்றை வைத்து எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறித் தட்டினால் வளையம் வெளியே வரும். புதியதை அடித்து இறக்கும்போது அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறும்; அதுவரை தட்டுங்கள்.

அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். பெயாரிங்கிலேயே எண் பொறித்திருக்கும். இந்த அளவு ட்ரெயிலர்களில் அடிக்கடி காண்பவை இரண்டு: 1 அங்குல அச்சுக்கு எல்44643, 1 1/16 அங்குல அச்சுக்கு எல்44649. இரண்டுக்கும் வெளிவளையம் எல்44610 தான். பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் மாற்றி வாங்கிவருவது சகஜம். சீலுக்கு, அது உட்காரும் இடத்தின் விட்டத்தைக் கலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும்.

கிரீஸ் கடலுக்கும் ஏரிக்கும் உரிய சில்லு-பெயாரிங் கிரீஸாக இருக்கட்டும். பழைய கிரீஸை முழுதாகக் கழுவி எடுங்கள். இரண்டு வகை கலந்தால் இளகி ஓடிவிடலாம். பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை உள்ளங்கையில் இருக்கும் கிரீஸில் குத்திக் குத்தி, ஒடுங்கிய பக்கத்தால் கிரீஸ் பிதுங்கும் வரை ஏற்ற வேண்டும். பூட்டும்போது குடத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்குங்கள், உருளைகள் சரியாக உட்காரும். பின்னர் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, அடுத்த துளைக்கு நேராக்கிப் புதுப் பின் போட்டு வளையுங்கள். மிக மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். "நல்லா இறுகட்டும்" என்று ஸ்பானரால் இறுக்கி விட்ட பெயாரிங்தான் முதல் பயணத்திலேயே எரியும்.

ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி நல்ல பொருள். ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மீறி ஏற்றினால் பின்பக்க சீலைத் தள்ளி வெளியேற்றிவிடும். மூடியின் தட்டு சற்று வெளியே நகர்ந்ததும் நிறுத்துங்கள். படகை இறக்கும் முன் 10 நிமிடம் குடத்தை ஆறவிடுவதும், பெயாரிங் ஏற்றிய ஒரு குடத்தை உதிரியாகக் காரில் வைத்திருப்பதும் நெடுஞ்சாலை ஓரத்தில் நாள் முழுக்க நிற்பதைத் தவிர்க்கும்.

ட்ரெயிலர் பின்னால் வால் ஆட்டுகிறது

கொக்கியில் விழும் பாரம் குறைவு என்பதுதான் வழக்கமான காரணம். படகு, என்ஜின், பெற்றோல், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்த எடையில் ஏறத்தாழ 10 வீதம் கொக்கியில் இருக்க வேண்டும். 400 கிலோ என்றால் 40 கிலோ. குளியலறைத் தராசு ஒன்றின் மேல் மரக்கட்டை வைத்து, ட்ரெயிலரை மட்டமாக நிறுத்தி அளக்கலாம். குறைந்தால் வின்ச் கம்பத்தை முன்னே நகர்த்திப் படகை முன்னே கொண்டுவாருங்கள். அப்படி நகர்த்திய பிறகும் படகின் பின்பலகை தாங்கு கட்டைகளின் முடிவைத் தாண்டித் தொங்கக் கூடாது. என்ஜின் எடை அடிப்பாகத்தை நிரந்தரமாக வளைத்துவிடும். படகை இனி முன்னே நகர்த்த இடமில்லை, கொக்கியில் பாரமும் போதவில்லை என்றால் அச்சைத்தான் பின்னே நகர்த்த வேண்டும்.

இதோடு கொக்கியையும் பாருங்கள். காரின் கொக்கிக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டும் கோப்பை பழைய ட்ரெயிலர்களில் 1 7/8 அங்குலத்திலும் உண்டு, 2 அங்குலத்திலும் உண்டு. கோப்பையின் மேல் அளவு பொறித்திருக்கும். 2 அங்குலக் கோப்பைக்குள் 1 7/8 அங்குலக் குண்டு நன்றாகப் பூட்டியது போலவே நிற்கும், ஒரு பள்ளத்தில் விழுந்ததும் துள்ளிக் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ட்ரெயிலர் ஜாக்கால் கொக்கியை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள்.

ரயர் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம். ட்ரெயிலர் ரயர் தேய்வதற்கு முன்பே வயதால் செத்துவிடும். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த கிழமையும் ஆண்டும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆம் கிழமை. ஆறு ஆண்டைத் தாண்டியதும், பக்கத்தில் வெடிப்புக் கோடு உள்ளதும் மாற்ற வேண்டியவை. 4.80-12 அளவில் பி வகுப்பு ரயருக்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். காருக்கு அடிப்பது போல 32 அடித்தால் சூடேறி வெடிக்கும்.

ஒரு பக்க சிக்னல் போட்டால் இரண்டு லைற்றும் மங்கலாக மினுங்குகிறது

எர்த். வேறு எதையும் தேடுவதற்கு முன் வெள்ளை வயரைப் பாருங்கள். நான்கு வயர் இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்லைற், மஞ்சள் இடது சிக்னலும் பிரேக்கும், பச்சை வலது சிக்னலும் பிரேக்கும். பழைய ட்ரெயிலர்களில் லைற்றின் எர்த் துருப்பிடித்த போல்ட் வழியாகச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து கொக்கிக் குண்டு வழியாகக் காருக்குப் போகிறது. வழியில் துரு இருந்தால் மின்சாரம் மற்ற லைற்றின் வழியாகத் திரும்பப் பார்க்கும். சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு லைற்றுக்கும் தனி வெள்ளை வயர் இழுத்துவிடுங்கள், பல ஆண்டுக்குத் தலையிடி இல்லை.

லைற் ஒன்றுமே எரியாவிட்டால் முதலில் காரின் சொக்கெற்றை 12 வோல்ற் சோதனை விளக்கால் பாருங்கள். இணைப்புகளுக்கு வீட்டு மின்சார வேலையில் பாவிக்கும் முறுக்குத் தொப்பி உதவாது; உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் இணைப்பி வேண்டும். குமிழ் லைற்றாக இருந்தால் தண்ணீரில் இறக்கும் முன் இணைப்பைக் கழற்றுங்கள்.

படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது

தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பான் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழி கொண்டுபோகும் முன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியுள்ள செடிகளை அகற்றுவது சட்டம். ஆகவே ஒவ்வொரு முறையும் அது கழன்றுதான் ஏரிக்கு வருகிறது. என்ஜினின் கைபிடியில் கட்டித் தொங்கவிட்டால் மறக்காது.

அடைப்பான் இருந்தும் ஏறினால் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றிச் சோதியுங்கள். ட்ரெயிலரில் மட்டமாக நிறுத்தி 5 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் நிரப்புங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆசைப்பட்டு நிறைத்தால் சட்டமும் அடிப்பாகமும் வளையும். கீழே படுத்துப் பார்த்து, சொட்டும் ஒவ்வொரு ரிவெற்றையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் நடுக் கீலை (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை) சுற்றியும், குறுக்கு விலாக்கள் அடியைத் தொடும் இடத்திலும், அடைப்பான் குழாயின் விளிம்பிலும் இருக்கும்.

தளர்ந்த ரிவெற்றை உடனே துளைத்து எடுக்காதீர்கள். ஒருவர் வெளியே தலையில் கனத்த இரும்புக் கட்டி ஒன்றை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே வாலில் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டினால் பல ரிவெற்றுகள் திரும்ப இறுகிவிடும். இறுகாததைத் துளைத்து எடுத்து, முனை மூடிய அலுமினியப் பொப் ரிவெற்றை 3எம் 5200 போன்ற பொலியூரிதேன் பசையில் தோய்த்துப் போடுங்கள். முனை திறந்த சாதாரண பொப் ரிவெற்றில் நடுத்துளை வழியாகவே தண்ணீர் வரும். சிலிக்கோன் பூசவே வேண்டாம்: கொஞ்ச நாளில் உரியும், உரிந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது.

தகட்டில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மேலே அலுமினியத் தகடு வைத்துப் பசையோடு ரிவெற் அடிக்கலாம்.

வெள்ளைத் தூளும் அதன் அடியில் குழியும் கண்டால் ஈரத்தில் ஊறிய கம்பளம், மரம், நுரை எதையோ அலுமினியத்தோடு ஒட்டி வைத்திருந்தார்கள் என்று பொருள். அடியில் விழுந்துகிடக்கும் செப்புக் காசும் ஈயக் குண்டும்கூட ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பொறுக்கி எடுங்கள்.

ஓட்டையே இல்லை, ஆனால் படகு கனக்கிறது, தாழ்ந்து மிதக்கிறது

இருக்கைக்கு அடியில் இருக்கும் மிதவை நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. இருக்கையின் மேல்தகட்டைத் திறந்து ஒரு துண்டு வெட்டிப் பிழியுங்கள். ஊறியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வீட்டுக் கட்டுமானத்துக்கு விற்கும் நீல அல்லது இளஞ்சிவப்பு நுரைப் பலகையை வெட்டி அடுக்குங்கள். 28 லீற்றர் கனவளவு நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வையுங்கள்; படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துத்தான் ஆட்கள் மிதக்க வேண்டும். இந்த நுரையைப் பெற்றோல் கரைத்துவிடும் என்பதால் தாங்கியின் பக்கத்தில் திறந்து விட வேண்டாம்.

என்ஜினைப் பிடித்து ஆட்டினால் பின்பலகை வளைகிறது

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை இது. என்ஜினின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பலகையின் மேல் விளிம்பைக் கவனியுங்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்று ஒலிக்கும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். ஒரு போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் திருப்புளி விட்டால் ஈரத் தூள் வருகிறதா என்று பார்க்கலாம்.

மரம் உக்கியிருந்து அலுமினியம் நன்றாக இருந்தால் வேலை கையால் முடிகிறதுதான், விலையை மட்டும் குறைத்துப் பேசுங்கள். பழைய பலகையை உடையாமல் எடுத்து அச்சாக வைத்து, 3/4 அங்குல மரைன் பிளைவூட் இரண்டை எபொக்சியால் ஒட்டி 1 1/2 அங்குலத் தடிப்பு ஆக்குங்கள். விளிம்புகளும் ஒவ்வொரு போல்ட் துளையின் உட்சுவரும் மூன்று பூச்சு எபொக்சி குடிக்க வேண்டும். மரம் உக்கத் தொடங்குவது அங்கேதான். போல்ட்டுகள் துருப்பிடிக்காத உருக்கு, தலைக்கு அடியில் பசை. அழுகாது என்று நம்பிச் செப்பு மருந்து ஏற்றிய பச்சை மரத்தைப் போடுபவர்கள் உண்டு. செப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். மரம் நிற்கும், தகடு போகும்.

என்ஜின் ஸ்ரார்ட் ஆகவில்லை

பாகம் வாங்குவதற்கு முன் இந்த வரிசை: பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி அதன் இடத்தில் இருக்கிறதா, கியர் நடுவில் இருக்கிறதா, தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பெற்றோல் குழாயில் இருக்கும் ரப்பர்ப் பந்து அழுத்த அழுத்த இறுகுகிறதா.

பந்து இறுகவில்லை என்றால் எங்கோ காற்று உள்ளே வருகிறது: வெடித்த குழாய், இணைப்பியின் ஓ-வளையம், பந்தின் உள் வால்வு. ஓடும்போது பந்து சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதற்கு நேர்மாறு: தாங்கியின் பக்கம் அடைப்பு.

அடுத்து தீப்பொறி. பிளக்கைக் கழற்றிச் சோதனைக் கருவியில் பாருங்கள். நீலமாக, சடசடவென்று பாய வேண்டும். பொறியே இல்லையென்றால் நிறுத்தும் சுவிச்சின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது வந்தால் பழுது சுவிச்சில். அங்கே முடியும் வேலைக்குக் கொயில் வாங்கிக் காசை வீணாக்குபவர்கள் பலர்.

பொறி இருக்கிறது, பந்தும் இறுகுகிறது என்றால் கார்பரேற்றர். சாதாரண பெற்றோலில் கலந்திருக்கும் எதனோல் ஈரத்தை இழுக்கும்; பழைய பெற்றோல் வற்றிப் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். மெதுவேகத் திருகைக் கழற்றும் முன், அது எத்தனை சுற்றில் அடியில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். துளைகளைக் கம்பியால் குத்தாமல் துப்புரவு ஸ்பிரேயாலும் காற்றாலும் ஊதுங்கள். பெற்றோலோடு ஒயில் சேர்க்கும் புது கலவை 50:1, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 20 லீற்றருக்கு 400. ஒயில் ரி.சி.-டபிள்யூ3 வகை. 1960-களின் தொடக்கம் வரை வந்த பல என்ஜின்களுக்கு 24:1 வேண்டும் என்பதால் வயதைப் பார்த்துக் கலக்குங்கள்.

ஓடித் தொடங்கிச் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பந்தைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் பெற்றோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கிறது. அதன் கிற் விலை குறைவு, நாலைந்து திருகு வேலை.

அமுக்கம் வாங்கும் முன்பே அளக்க வேண்டியது. இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றின் வயரை எர்த் செய்து, திரொட்டிலை முழுக்கத் திறந்து, ஊசி ஏறாமல் நிற்கும் வரை ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். பெரும்பாலான 9.9-களில் 90 பி.எஸ்.ஐ.-க்கு மேல் வர வேண்டும். அதைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் 10 வீதத்துக்கு மேல் வேறுபாடு இல்லாமல் இருப்பது. ஒன்று 110, மற்றது 70 என்றால் படகுக்கும் ட்ரெயிலருக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

பின்னால் தண்ணீர் பீச்சவில்லை

உடனே நிறுத்துங்கள்; அது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர். முதலில் நைலோன் தூண்டில் நரம்பு ஒன்றைப் பீச்சும் துளைக்குள் விட்டுக் குடையுங்கள். குளவிக் கூடும் மண்ணும் அடைத்திருப்பது சகஜம். துளை திறந்திருந்தும் வரவில்லை என்றால் இம்பெல்லர் (நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்). பழைய என்ஜினில் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கியர்த் தண்டின் இணைப்பைக் கழற்றி, அடிப்பெட்டியின் (காற்றாடியும் கியரும் இருக்கும் கீழ்ப்பகுதியின்) போல்ட்டுகளை எடுத்தால் அது கீழே இறங்கும். பம்ப் மூடியைத் திறந்து பழையதை எடுங்கள். இதழ் ஏதாவது உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள்; மேலே நீர்வழியில் போய் அடைத்துக்கொள்ளும். புதியதைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, சாவித்துண்டு இடத்தில் இருக்க, தண்டை மணிக்கூட்டுத் திசையில் சுற்றியபடியே மூடியை இறக்குங்கள். அடிப்பெட்டியை ஏற்றும்போது நீர்க்குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டின் பற்களுக்குப் பக்கங்களில் கிரீஸ் தடவலாம், தலையில் தடவக் கூடாது. தலையில் தேங்கும் கிரீஸ் பெட்டியை முழுதாக ஏறவிடாது.

சோதிக்கும்போது நீர் உறிஞ்சும் துளைக்கு மேல் தண்ணீர் நிற்கும் தொட்டியில் ஓட்டுங்கள். உலர்வாகச் சில விநாடி ஓடினாலே புது இம்பெல்லர் கருகிவிடும்.

என்ஜின் இரைகிறது, படகு நகரவில்லை

சிறிய, பழைய என்ஜின்களில் காற்றாடியின் (புரொப்பெல்லரின்) வெட்டுப்பின் உடைந்திருக்கும். கல்லில் பட்டால் கியரைக் காக்க உடைவதற்கென்றே வைத்த பின் அது. அதற்குப் பதிலாக ஆணி போட்டால் அடுத்த கல்லில் கியர் உடையும். மற்றவற்றில் காற்றாடியின் நடு ரப்பர் வழுக்கும். நடுவிலிருந்து வெளிவரை பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

வேகமெடுக்கும்போதும் திரும்பும்போதும் மட்டும் இரைந்தால் என்ஜின் உயரம் பொருந்தவில்லை. காற்றாடிக்கு மேல் இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஒரு அங்குலம் வரை கீழே இருக்க வேண்டும். 15 அங்குலப் பின்பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு.

கியர் ஒயில் பால் நிறத்தில் வடிகிறது

சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. காற்றாடியைக் கழற்றினால் அதன் பின்னால் சுற்றிக்கிடக்கும் தூண்டில் நரம்பு பெரும்பாலும் கையோடு வரும். அதுதான் சீலை வெட்டியது. சீலை மாற்றி, ஒயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல் துளையால் வழியும் வரை பம்பால் ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி அளவு குறையும். வழிந்ததும் முதலில் மேல் திருகையும் பிறகு கீழ்த் திருகையும் புது வாஷரோடு பூட்டுங்கள்.

இந்தச் சோதனையை இலையுதிர் காலத்தில் செய்யுங்கள், வசந்தத்துக்குத் தள்ள வேண்டாம். உள்ளே தண்ணீர் இருக்கும் பெட்டி ஒன்ராறியோக் குளிரில் உறைந்தால் அலுமினியம் வெடித்துவிடும், அதற்குப் பிறகு வேறு அடிப்பெட்டி தேடுவதைத் தவிர வழி இல்லை.